கணவரை வென்ற மருத்துவர்

மார்மன்கள் என்ற அமெரிக்கக் கிறித்தவ சபையினர் என்றதும் பலருக்கும் பலதார மணம்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு மார்த்தா ஹியூஸ் கேனன் நினைவுக்கு வருகிறார்.

1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை அது. போன இடமெல்லாம் மார்மன்களை விரட்டினார்கள். 1844இல் ஸ்மித்தைச் சிறைக்குள்ளேயே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பிரிகம் யங் தலைமையில் மார்மன்கள் 1847இல் இன்றைய யூட்டாவிலுள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள்.

அந்த யூட்டாவில் 1870இலேயே பெண்கள் வாக்களித்தார்கள்! அமெரிக்க அரசியல் சட்டத்தில் அந்த உரிமை ஏற 1920 ஆயிற்று. இதற்கிடையில் பலதார மணத்தை ஒடுக்க 1887இல் வாஷிங்டனிலிருந்த மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், யூட்டா பெண்கள் அனைவரின் வாக்கையும் பறித்தது. மணமாகாத பெண் என்ன குற்றம் செய்தாள்? வாசிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

மார்த்தா வேல்ஸில் பிறந்தவர், மருத்துவர், ஏங்கஸ் கேனனின் நான்காவது மனைவி. பலதார மணத்துக்காகக் கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேராதிருக்க, கைக்குழந்தையோடு இங்கிலாந்து போய் மறைந்து வாழ்ந்தார். 1896இல் யூட்டா மாநிலமானது, வாக்குரிமை திரும்பியது. அவ்வாண்டே மாநில செனட் தேர்தல். இருவருமே வேட்பாளர்கள்: மார்த்தா ஜனநாயகக் கட்சி, கணவர் குடியரசுக் கட்சி. மார்த்தா வென்றார், கணவர் தோற்றார்! அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் அவர்தான். பதவியேற்றதும் பொதுச் சுகாதாரத்துக்காகச் சட்டங்கள் கொண்டுவந்தார்.

2024 டிசம்பரில் அவருடைய வெண்கலச் சிலை அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் வைக்கப்பட்டது. படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.