உப்புப் பேயும் எங்கள் சேரும்

விண்கப்பல் கதை சொல்லும் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடருக்கு 2026 செப்டெம்பரில் 60 வயது. முதல் அத்தியாயம் 'த மேன் ட்ராப்' 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது. கனடாவின் சிடிவி அதை இரண்டு நாள் முந்தியே காட்டிவிட்டது. இந்த நாட்டுக்காரருக்கு முந்தினாலும் சத்தம் போடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்து, நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தா என்று கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த அத்தியாயம்தான். ஏன் என்று எங்கள் வகுப்புக்காரருக்குத் தெரியும்.

ஞாயிறு காலைத் தூரதர்ஷன், கூரையில் அன்ரனா திருப்ப ஒருவர், கீழே நின்று "தெரியுது, தெரியுது" என்று கத்த ஒருவர். அன்றைக்குப் படத்தில் பாதி புள்ளிமழை. ஒரு பாழடைந்த கிரகத்தில் ஒரு பேராசிரியரும் மனைவி நான்சியும். டொக்டர் மெக்கோய் அவளுடைய பழைய காதலன்; அவர் கண்ணுக்கு அவள் அன்றைய இளமையோடு தெரிகிறாள். கப்டன் கேர்க்குக்கு நரைத்த தலை. கூடப்போன பெடியனுக்கோ வேறு யாரோ ஒருத்தி. உண்மையான நான்சி எப்போதோ செத்துவிட்டாள். நடமாடுவது உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் ஒரு பிராணி. செத்தவர்களின் முகத்தில் சிவப்பு வட்டங்கள். கடைசியில் அதைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நான் வீட்டுவேலை செய்துகொண்டு போகவில்லை. "ரிவி பார்த்தனீரோ? அப்ப அதையே சொல்லும்" என்று சேர் என்னை வாங்கில் ஏற்றினார். சொன்னேன். நான்சி குரலில் பேசியும் காட்டினேன், அதுதான் வினை. பின் வாங்கிலிருந்து "உப்புப் பேய்" என்று ஒரு குரல். சேரும் சிரித்துவிட்டார், அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரால் அழிக்க முடியும்?

ஆனால் என்னை இறக்காமலே பாடத்தைத் தொடங்கினார். சோடியம், பொற்றாசியம், கலமென்சவ்வு. உப்புப் போனால் நரம்பில் கணத்தாக்கம், அதாவது மின்செய்தி, ஓடாது, இதயம் நிற்கும். அப்புறம் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பிராணி அதன் இனத்திலேயே கடைசி. சுட்டது சரியோ?" வகுப்பே "சரி சேர்" என்றது. "பேராசிரியர் முதலிலே கேட்டது உப்புக் குளிசைதானே? ஆனையிறவு உப்பளத்திலே ஒரு லொறி ஏற்றி அனுப்பியிருந்தால் ஒருத்தரும் செத்திருக்கமாட்டினம்." திரும்பவும் சிரிப்பு. நான் இன்னும் வாங்கின் மேல்.

இப்போது வட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு சேரைப் போடுகிறார்கள். ஒருவனுக்கு அவர் கடவுள், இன்னொருவனுக்குப் பிரம்பு. பெரிய டொக்டர் ஒருவர் தனக்கு மட்டும் தனியாக வகுப்பு எடுத்தார் என்கிறார். எனக்குத் தெரிந்தவர் என் கொப்பியைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து, சமன்பாட்டைத் திருத்திவிட்டு, எழுத்துப்பிழையையும் திருத்துகிற மனிதர். எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறோமா என்று சந்தேகமாக இருக்கிறது.

நாங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மின்சாரம் போனது, ஆனையிறவு உப்பளமும் யுத்தத்தில் மூடிப்போனது. சேர் ஜாம் போத்தல் விளக்கில் அடுத்த வகுப்புகளுக்குச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தாராம். ஊருக்கு ஒருமுறை போனபோது அவர் வீட்டுப் பக்கம் போக நேரமில்லை என்று வீட்டாரிடம் சொன்னேன். நேரம் இருந்தது. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பார் என்பதுதான் பயம்.

வேறென்ன, குளிர்காலத்தில் ரொறன்ரோத் தெருக்களுக்கு உப்புத் தூவும் லொறி ஓட்டுகிறேன். ஹியூரன் ஏரிக்கு அடியில், கோடரிச்சில், உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. உப்புக் கலந்தால் நீரின் உறைநிலை ஏன் குறைகிறது என்று படிப்பித்ததும் அவர்தான். சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அதைக் கேட்கவாவது போயிருக்கலாம்.

பின் வாங்கில் இருந்து அன்று பெயர் வைத்தவன் ஸ்காபரோவில்தான் இருக்கிறான். பனி கொட்டினால் விடியவே போன் வரும்: "டேய் உப்பு, எங்கடை ஒழுங்கைக்கு எப்ப வாறாய்?"