வேலையை விடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

படிப்பு கணக்குப் போடச் சொல்லித்தரும். அந்தக் கணக்கு எங்கே உதைக்கும் என்பது முதல் வேலையில்தான் தெரியவரும். சொந்தத் தொழில் எண்ணம் உள்ளவர்கள் வேலைக்குச் சேர்ந்த இரண்டு மூன்று வருடத்துக்குள், ஆர்டருக்கு விலை சொல்லிக் கொட்டேஷன் போடுபவர் பக்கத்தில் எப்படியாவது ஓர் இடம் பிடித்துவிடுங்கள்.

லேத் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஜாபுக்கு மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் 60 நிமிடம், ஒரு பீஸ் ஓட 6 நிமிடம். 100 பீஸ் ஆர்டர் என்றால் பீஸுக்கு 6.6 நிமிடம் விழும். அதே ஜாப் 10 பீஸ் மட்டும் வந்தால் 12 நிமிடம். புதிதாகப் பட்டறை போடுபவருக்குச் சில்லறை ஆர்டர்தான் வரும். அவரோ பழைய கம்பெனியில் பார்த்த பெரிய ஆர்டரின் ரேட்டைச் சொல்லிவிடுவார். மெஷின் நாள் முழுக்க ஓடும், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

தள்ளுபடியிலும் இதே சறுக்கல். அடக்கம் 100, விலை 125. பத்து சதவீதம் குறைத்தால் 112.50. குறைத்தது பத்து சதவீதம்தான், லாபத்தில் போனது பாதி.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பணம் திரும்பி வரும் நாள். சரக்கு ஸ்டாக்கில் 15 நாள், வேலை 10 நாள், பில் போட்டபின் கடன் 60 நாள்: மொத்தம் 85. மூலப்பொருள் கொடுத்தவர் 30 நாள் பொறுத்தாலும் மீதி 55 நாளுக்கு நம் கைக்காசுதான். சம்பளத்துக்கும் வாடகைக்கும் அந்த 30 நாள் தவணைகூடக் கிடையாது. ஆர்டர் இரட்டித்தால் இந்தக் காசும் இரட்டிக்க வேண்டும். லாபத்தில் ஓடும் பட்டறைகள் மூடப்படுவது இதனால்தான். எனவே வேலையில் இருக்கும்போதே பில் தேதியையும் பணம் வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மாதிரி வாடிக்கையாளர் இழுத்தடிப்பார் என்பது ஆறு மாதத்தில் பிடிபடும். (கற்றதை எடுத்துச் செல்லலாம், கம்பெனியின் டிராயிங்கையும் வாடிக்கையாளர் பட்டியலையும் தொடக்கூடாது.)

நைக்கியின் தொடக்கம் இங்கே பொருந்தும். ஜப்பானியக் காலணி விற்கலாம் என்ற யோசனை அதன் நிறுவனர் ஃபில் நைட்டுக்கு ஸ்டான்ஃபோர்டில் எழுதிய ஒரு கட்டுரையில் பிறந்தது. 1964ல் பயிற்சியாளர் பில் போவர்மேனும் அவரும் தலைக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். கணக்காளர் வேலை, பிறகு கல்லூரியில் கணக்கியல் வகுப்பு என்று 1969 வரை நைட் வேறு சம்பளத்தில்தான் வாழ்ந்தார்.

வேலையை விடுமுன் இரண்டு தனி வங்கிக் கணக்குகள் வேண்டும்: அந்த 55 நாள் ஓட்டத்துக்கு ஒன்று, ஆறு மாத வீட்டுச் செலவுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றத் தொடங்கினால், ரேட்டைத்தான் முதலில் திரும்பப் பார்க்க வேண்டும்.