மூன்று பங்கு, ஆறு படிவம், அக்காவின் பான் கார்டு

மதுரையில் அப்பா கட்டிய வீட்டை நான், அண்ணன், அக்கா மூன்று பேரும் சேர்ந்து 2025 பிப்ரவரியில் விற்றோம். விலை 72 லட்சம், ஆளுக்கு 24. விலை 50 லட்சத்தைத் தொட்டால்தான் வாங்குபவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் பெயரில் அரசுக்குக் கட்ட, விலையிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும், நம் பங்கு அதற்குள்தானே அடங்குகிறது என்று அண்ணனிடம் பெரிய வரி நிபுணர் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாதமெல்லாம் பழைய கதையாம். 2024 அக்டோபர் 1 முதல் பங்கு பங்காகப் பார்க்கக் கூடாது, எத்தனை பேர் விற்றாலும் வாங்கினாலும் சொத்தின் மொத்த விலைதான் கணக்கு என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். வாங்க வந்தவர்களும் கணவன் மனைவி இரண்டு பேர் என்பதால், விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக, பிடித்த வரியைக் கட்டும் 26கியூபி படிவம் போட வேண்டியிருந்தது. மூன்று இரண்டு ஆறு. அவர்களுடைய ஆடிட்டர் இதைச் சொன்னபோது அந்தக் கணவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

சரி, பிடிப்பது நம் பெயரில்தானே வரவாகும் என்று நாங்கள் கவலைப்படவில்லை. ஆனால் முன்பணம் கைமாறுவதற்கு முன்பே ஆடிட்டர் எங்கள் பான் எண்களைச் சரிபார்த்துவிட்டு, "சார், உங்க அக்கா பான் செயல்பாட்டிலேயே இல்லை" என்றார். ஆதாரோடு இணைக்க 2023 ஜூன் 30 வரை கெடு இருந்தது, அக்கா இணைக்கவில்லை. அப்படியே பணம் கொடுத்தால் ஒரு சதவீதம் இல்லை, 20 சதவீதம் பிடிக்க வேண்டும். 24,000 போக வேண்டிய இடத்தில் 4,80,000!

"வீட்டு வேலை பார்க்கிற எனக்கு எதுக்குடா பான் கார்டு, பேங்க்ல கேட்டாங்கன்னு எடுத்தேன்" என்றாள் அக்கா. ஆயிரம் ரூபாய் கட்டி இணைக்கப் போனால் பிறந்த தேதி ஒத்துவரவில்லை, பானில் ஒரு வருடம், ஆதாரில் வேறு வருடம். பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்து, ஆதார் மையத்தில் திருத்தி, அது வந்த பிறகு இணைத்து, பான் உயிர் பெறும்வரை காத்திருந்து... வாங்குபவர்கள் பொறுமைசாலிகள், வேறு யாராவது என்றால் அடுத்த வீட்டைப் பார்த்துப் போயிருப்பார்கள்.

லாப வரியிலும் ஒரு புது விஷயம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, நிலம் என்றால், பணவீக்கத்தைச் சரிக்கட்டாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டி 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். அப்பா காலத்துச் சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 மதிப்பை எடுத்துக்கொண்டோம், அதுவும் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. என் பங்குக்கு அது 4 லட்சம். முதல் வழியில் வரி 2,50,000, இரண்டாவதில் விற்ற வருடத்தின் பணவீக்கக் குறியீடான 363-ஐ 2001-இன் குறியீடான 100-ஆல் வகுத்துப் பெருக்கினால் 4 லட்சம் 14,52,000 ஆகி, வரி 1,89,600-தான். அந்த வரியின் மேல் போடும் செஸ் தனி. புது வீதம் என்றதும் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தால் 60,000 போயிருக்கும்.

பத்திரம் முடிந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள், "அப்போ இனிமே நானும் ரிட்டர்ன் போடணுமாடா?"

இந்த வருஷம் கட்டாயம் போடணும்க்கா என்றேன்.