ஒத்து

மார்ச் 4
மாற்றல் ஆர்டர் இன்னும் வரவில்லை.

மார்ச் 5
அதிகாரியின் பாராட்டு விழாவுக்கு வாழ்த்து மடலை நான்தான் எழுத வேண்டுமாம். "உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வருமே சார்." என் மாற்றல் கோப்பு யார் மேசையில் கிடக்கிறது என்று சொன்னவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மார்ச் 6
மதியம் சாப்பிடும்போது யாரையோ பற்றி, "சொம்பு தூக்கியே மேலே வந்தவன்" என்றார்கள். கையில் சோற்றுடன் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாளை என்னையும் அப்படித்தானே சொல்வார்கள்?

இரவு தூக்கம் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஐஸ் வைப்பது, சோப்பு போடுவது, காக்கா பிடிப்பது, கூஜா தூக்குவது, வால் பிடிப்பது, அடிவருடுவது, கூழைக்கும்பிடு, ஜால்ரா. எவ்வளவு சொற்கள்! ஐஸ் வைப்பதில் அவ்வளவு குற்றமில்லை, குழந்தைகூட அம்மாவுக்கு வைக்கும். கால் கை பிடிப்பதுதான் காக்கா பிடிப்பதாயிற்று என்பார்கள். சொம்பு, கூஜா என்று வந்துவிட்டால் எதிரே ஒரு நாற்காலி இருந்தாக வேண்டும். எல்லாவற்றிலும் முதுகு வளைகிறது.

கடைசியாக 'ஒத்து ஊதுவது' என்று எழுதவந்து கை நின்றுவிட்டது.

மார்ச் 7
அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் இருமலாம். அம்மா ஃபோனில் சொன்னாள்.

மார்ச் 8
அப்பா ஒத்துக்காரர்.

நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கிற ஒத்தும் பார்வைக்கு நாதஸ்வரம் மாதிரிதான். விரல் வைத்து வாசிக்கத்தான் துளை இருக்காது. கீழே இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். அப்பா கட்டைவிரலில் துளி மெழுகை உருட்டி அழுத்துவார், ஊதிப் பார்ப்பார், நகத்தால் கொஞ்சம் சுரண்டுவார், மறுபடி ஊதுவார். அப்புறம் அந்த ஒரே சுரம்தான், மணிக்கணக்காக. கன்னத்தில் தேக்கிய காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். நடுவில் இழை அறுந்து நான் கேட்டதில்லை. சுருதிப் பெட்டி வந்தபின் அவரை யாரும் கூப்பிடவில்லை.

இதையா ஏசுகிறோம்? ஒத்து யார் பின்னாலும் போவதில்லை. வித்வான் எத்தனை பெரியவரானாலும் அந்தச் சுரத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டும். ஜால்ராவும் அப்படித்தான். பாடுகிறவர் ஓடினால் கூடவே ஓடுவது தாளமா? பெரிய மனிதர் வளைகிற பக்கமெல்லாம் வளைகிறவனுக்கு இந்த இரண்டு பெயரையும் கொடுத்தது அநியாயம். இவ்வளவு காலம் நானும்தான் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9
மடலில் 'கலியுகக் கர்ணனே' என்று எழுதிவிட்டு அடித்தேன். திருப்புகலூர்ப் பதிகத்தில் சுந்தரர் 8ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். 'கொடுக்கிலாதானைப் பாரியே என்று கூறினும் கொடுப்பார் இலை.' அன்றைக்குப் பாரி, இன்றைக்குக் கர்ணன். மடலில் மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 10
அவரைப் பற்றி எனக்கு உண்மையாகத் தெரிந்தது என்ன? அன்றன்றைய கோப்பை அன்றே முடிப்பார். கடைநிலை ஊழியரையும் 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். ஓய்வூதியம் கேட்டு வந்த பெரியவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசியதைக் கண்ணால் பார்த்தேன். மூன்றே வாக்கியம்.

ஆனால் கையெழுத்துக்குக் காத்திருக்கிறவன் சொன்னால் உண்மையும் முகஸ்துதி ஆகிவிடுமா? முகத்துக்கு நேரே சொல்வதால்தானே அந்தப் பெயர்? நாற்காலி விஷயத்தை அவர் இல்லாதபோது இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆர்டர் பேச்சே அப்போது கிடையாது. இதை நினைத்தபின்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

மார்ச் 11
மடல் எழுதச் சொன்னவர் படித்துப் பார்த்தார். "இவ்வளவுதானா? கொஞ்சம் தூக்கிப் பிடிங்க சார். உங்க ஆர்டர் வேற நிலுவையில இருக்கு."

வீட்டுக்கு வந்து கர்ணனை மறுபடி எழுதினேன். அடித்தேன். எழுதினேன். யாருக்காக இந்த மாற்றல் கேட்கிறேன்? அந்த இருமலுக்குப் பக்கத்தில் இருக்கத்தானே? ஒரு சொல்தானே, எழுதிவிட்டால் என்ன?

மார்ச் 12
அப்பாவிடம் ஃபோனில் கேட்டேன். "வித்வான் சுருதி விலகினா நீங்களும் கூடவே போனதுண்டாப்பா?"

வெகுநேரம் இருமினார். அப்புறம் சொன்னார்: "நானும் போயிட்டா அவரு எங்கடா வந்து சேருவாரு?"

மார்ச் 13
மூன்று வாக்கியத்தையும் நல்ல தாளில் எழுதி முடித்துவிட்டேன். நாளை காலை பத்தரைக்கு விழா. சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும்.