பழைய வட்டைக் கழற்றியதும் எழ மறுத்த உபுண்டு

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பாடங்களும், தாத்தா பாடிய தேவாரப் பதிவுகளும் எங்கள் வீட்டுக் கணினியில்தான் இருக்கின்றன. அடிக்கடி மின்சாரம் நின்றுபோனதில் அதன் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் நலிந்து கரகரக்கத் தொடங்கியதால், 1 டிபி என்விஎம்இ வட்டு (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒன்றை வாங்கி, உபுண்டு இயங்குதளத்தை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு அதற்கு நகலெடுத்தேன்.

இரண்டு வட்டுகளும் இணைந்திருந்தவரை கணினி குறையின்றி எழுந்தது. அதை நம்பிப் பழையதைக் கழற்றியதும், துவக்கத்தக்க வட்டு எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் நின்றது. அதுவரை பழைய வட்டிலிருந்தே எழுந்திருக்கிறது. வேலை செய்வது எந்த வட்டு என்று காட்டும் டிஎஃப் கட்டளையை இட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஆர்சிங்குக்கு நான் கொடுத்த சிறிய எக்ஸ் (-x) என்ற குறி, வேறொரு பகிர்வுக்குள் (வட்டின் தனிப் பிரிவுக்குள்) நுழையாதே என்று அதற்குச் சொல்வது. ஆகவே கணினியை எழுப்பும் கோப்புகள் உள்ள தனிப் பகிர்வான இஎஃப்ஐ நகலாகவே இல்லை. புதிய வட்டில் அதற்காக ஃபேட்32 வடிவில் நான் அமைத்திருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

பென் டிரைவிலிருந்து உபுண்டுவை எழுப்பி, புதிய பகிர்வுகளை ஏற்றி, டெவ், ப்ராக், சிஸ் என்ற அமைப்புக் கோப்புறைகள் மூன்றையும் இணைத்து, வட்டிலுள்ள உபுண்டுவுக்குள் நுழையவிடும் சி-ரூட் (chroot) வழியாக உள்ளே சென்று, கிரப் என்ற துவக்க நிரலைப் பதிக்கும் கிரப்-இன்ஸ்டால் இட்டேன். இஎஃப்ஐ மாறிகளுக்கு இங்கே ஆதரவில்லை என்றது. பென் டிரைவே பழைய பயாஸ் முறையில் எழுந்திருந்ததுதான் காரணம். புதிய யூஇஎஃப்ஐ முறையில் மீண்டும் எழுப்பியதும் கிரப் முறையாகப் பதிந்தது.

ஆயினும் கிரப்பின் பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் இட மறந்துவிட்டேன். உபுண்டுவின் மையமான கெர்னல் ஏறிய பின், அந்த யூயூஐடி (பகிர்வின் அடையாள எண்) இல்லை என்று அறிவித்து, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு முனையத்தில் கணினி நின்றுவிட்டது. இந்தப் பிழை எனக்கு நம்பிக்கையையே தந்தது: கிரப் தன் வேலையை முடித்துவிட்டது, கெர்னலும் வந்துவிட்டது, தவறு வேர்ப் பகிர்வின் (உபுண்டு இருக்கும் பகிர்வின்) அடையாளத்தில் மட்டுமே இருக்கிறது. அங்கேயே அடையாள எண்களைக் காட்டும் பிளாக்-ஐடி இட்டபோது புதிய வட்டு புதிய எண்ணோடு தெரிந்தது. கிரப் வைத்திருந்த பட்டியலிலோ பழைய எண்ணே இருந்தது. மறுபடி சி-ரூட்டுக்குள் சென்று அப்டேட்-கிரப் இட்டதில் அது தீர்ந்தது.

கடைசித் தடை, 90 வினாடி காத்திருப்பும் அதைத் தொடர்ந்த அவசர நிலையும். எந்தப் பகிர்வுகளை ஏற்றுவது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் வேர்ப் பகிர்வின் வரியைத் திருத்தியிருந்த நான், இஎஃப்ஐ வரியைத் தொடவே இல்லை; அது பழைய வட்டின் அடையாளத்தையே தேடியது. ஃபேட் பகிர்வின் அடையாளம் குட்டையானது. நான்கு குறிகள், ஒரு இடைக்கோடு, மீண்டும் நான்கு குறிகள். திரையில் இருந்ததைத் தாளில் எழுதி, ஒவ்வொரு குறியின் மேலும் விரலை வைத்துச் சரிபார்த்தபோது, முதல் நான்குமே வேறாக இருப்பதைக் கண்டேன்.

திருத்தி மறுதொடக்கம் செய்தேன். இம்முறை டிஎஃப் கட்டளையை மறக்கவில்லை. வேர்ப் பகிர்வுக்கு நேரே என்விஎம்இ0என்1பி2, அதாவது புதிய வட்டின் இரண்டாம் பகிர்வு, என்றிருந்தது.