மதிய பீரியடுக்கு முன் ஐந்து நிமிடம்

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சாப்பாடு முடிந்து வரும் பிள்ளைகளை ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டுத்தான் பாடம் தொடங்குவது. பத்மாசனம், ஊதுபத்தி எதுவும் கிடையாது. பெஞ்சிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் காற்று போவதையும் வருவதையும் கவனித்தால் போதும். மனசு கிரிக்கெட்டுக்கு ஓடினால் மறுபடி கூட்டி வர வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பு அமைதியாகிறது என்பதை நான் பெரிய பலனாகச் சொல்ல மாட்டேன். பிரம்பைக் காட்டினாலும் வகுப்பு அமைதியாகிவிடும். எதற்கெடுத்தாலும் கை ஓங்கும் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் பின்பெஞ்சுக்காரன் அவனுடைய ஜாமென்ட்ரி பாக்ஸைத் தட்டிவிட்டதில் காம்பஸ், டிவைடர் எல்லாம் தரையில் சிதறின. இவன் எழுந்துவிட்டான், முஷ்டியும் மடங்கிவிட்டது. நான் ஓடிப் போவதற்குள் வாயால் நீளமாக மூச்சை விட்டு, "பொறுக்கிக் குடுடா" என்றான். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். படித்துத் தெரிந்துகொண்ட அந்த விஷயத்தை அவன் கையில் பார்த்தபோது மனசு நிறைந்துபோனது.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. "மிஸ், கண்ண மூடுனா வீட்டு நெனப்புதான் வருது" என்றாள் ஒரு மாணவி. அவள் இப்போது ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணுகிறாள். வீட்டு விஷயத்தைத் தனியாக உட்கார்ந்து கேட்டோம். அதற்கு வேண்டியிருந்தது தியானம் இல்லை, பெரியவர்களின் துணை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதும் அதனால்தான்.

பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையிலான 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த 'மிரியட்' ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. பள்ளியில் வழக்கமாகச் சொல்லித்தரும் மனநலப் பாடங்களைவிட மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சையும் அந்த நேரத்து மனநிலையையும் கவனிக்கும்) பயிற்சி கூடுதல் பலன் தரவில்லை என்பதுதான் முடிவு. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லையாம். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. பாடமாக எல்லார் தலையிலும் கட்டினால் பிள்ளைகள் அதையும் ஹோம்வொர்க் கணக்கில்தான் சேர்ப்பார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் வந்த, தியானமும் கதைகளும் கொண்ட மகிழ்ச்சிப் பாடத்திட்டத்துக்குத் தேர்வு வைக்காததை நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் இப்போது இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். மார்க் ஏறும் என்று ஆசை காட்டித் தொடங்காதீர்கள் என்கிறேன். சேட்டை செய்பவனிடம் "மூலையில் போய்த் தியானம் பண்ணு" என்று தண்டனையாகச் சொல்லிவிடாதீர்கள். உட்காரப் பிடிக்காத பிள்ளை அந்த ஐந்து நிமிடமும் நோட்டில் படம் வரையட்டும்.