மழை ஊரில் மோர் மிளகாய்: மூன்று ஈடும் ஒரு தராசும்

500 கிராம் பச்சை மிளகாய், 400 கிராம் கெட்டித் தயிர், 45 கிராம் உப்பு. இவ்வளவும் சேர்ந்து காய்ந்து முடியும்போது தராசில் 155 முதல் 160 கிராமுக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால், கைக்கு எவ்வளவு மொறுமொறுவென்று பட்டாலும் உள்ளே ஈரம் இருக்கிறது. போத்தலில் போட்டு மூடினால் பத்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

கணக்கு எளிது. பச்சை மிளகாயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், ஆக 500 கிராமில் சக்கை 50 கிராம்தான். கெட்டித் தயிரில் தண்ணீர் போக மிஞ்சுவது இன்னொரு 50 கிராம். உப்பு 45 அப்படியே நிற்கும். மொத்தம் 145. அதற்கு மேல் பத்து, பதினைந்து கிராம் ஈரம் இருந்தால் மிளகாய் கெடாது. முறத்தைக் குலுக்கிச் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய வழி தமிழ்நாட்டு வெயிலுக்குச் சரியாக வரும். மலேசியாவின் கெடா மாநிலத்தில், செம்பனையும் பால்மரமும் சூழ்ந்த பாடாங் செராய் போன்ற ஊரில் அந்தச் சத்தத்தை மட்டும் நம்ப முடியாது. சமையலறைத் தராசு ஒன்று வேண்டும்.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 500 கிராம் அளவு போதும். விரல் நீள மிளகாயாக இருந்தால் ஏறக்குறைய 110 நிற்கும். ஆளுக்கு இரண்டு, வாரத்தில் மூன்று மதியச் சாப்பாடு என்று வைத்தால் ஒன்பது வாரம் ஓடும். உப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மிளகாயில் 0.4 கிராம், இரண்டில் 0.8. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்குச் சொல்லும் மேல் வரம்பு 5 கிராமுக்கும் கீழே. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மோர் மிளகாய் வைக்கும் நாளில் மோருக்கும் ரசத்துக்கும் உப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. மிளகாயில் உப்பைக் குறைக்க நினைக்க வேண்டாம். மிளகாய் எடையில் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் காய்வதற்குள் தயிர் கெட்டுவிடுகிறது. 9 விழுக்காடு சரியாக வந்தது.

இந்த ஊரில் இது வார இறுதி வேலை. கெடாவில் விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் மாலை சந்தையில் மிளகாய் வாங்கி, இரவே கீறித் தயிரில் போட்டால் கைவேலை அந்த இரண்டு நாளில் முடிந்துவிடும். பிறகு வரும் நாள்களில் வெளியே வைப்பதும் உள்ளே எடுப்பதும்தான்.

மிளகாய் 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளம், தோல் மெல்லியது, பிஞ்சும் முற்றலும் இல்லாத நடுத்தரம். கடைகளில் கிடைக்கும் நீளப் பச்சை மிளகாய்க்குச் சதை அதிகம், காய இரண்டு நாள் கூடுதலாகக் கேட்கும். சிலி பாடி எனும் சிறு மிளகாய் காய்ந்தால் காரம் மட்டுமே மிஞ்சும், தயிர் ஏறுவதற்கு உள்ளே இடமே இல்லை. காம்பை அரை அங்குலம் விட்டு நறுக்க வேண்டும். முழுக்கக் கிள்ளினால் பொரிக்கும்போது எண்ணெய் உள்ளே புகுந்து தெறிக்கிறது.

கீறுவதில்தான் முதல் ஈடு போனது. அக்டோபரில் போட்டது அது. மிளகாயின் நடுவயிற்றில் ஒரு சென்டிமீட்டர் கீறி, பழைய முறைப்படி இரவு தயிரில், பகல் வெயிலில் என்று மூன்று நாள் மாற்றி மாற்றிப் போட்டோம். பிற்பகல் மழை மூன்று நாளும் வந்தது. ஐந்தாம் நாள் மேல்தோல் சுருங்கி, வெளுத்து, பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஒன்றை இரண்டாகப் பிளந்ததும் காம்படியில், விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டைச் சுற்றி, சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு பொதி. நுனிப் பக்கம் சுத்தம். இன்னும் பத்துப் பன்னிரண்டைப் பிளந்து பார்த்ததில் எல்லாவற்றிலும் அதே இடம். மிளகாய்க்குள் ஈரம் கடைசியாகத் தங்குவது அந்தத் தோள்பட்டையில்தான். காற்று நடுவயிற்றுக் கீறல் வழியே போய் அங்கே எட்டுவதில்லை. முழு ஈட்டையும் கொட்டிவிட்டோம். பூஞ்சணம் பட்டதைத் துடைத்து மறுபடி காயவைத்து எடுக்கவே கூடாது.

இப்போது கீறல் காம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே தொடங்கி நுனியை நோக்கி இரண்டரை சென்டிமீட்டர். ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் பிளந்துவிட்டால் விதை முழுக்க முறத்தில் உதிர்ந்துவிடும். முள்கரண்டியால் குத்தும் வழியும் முயன்றோம். தயிர் உள்ளே ஏறவில்லை, மிளகாய் உப்பு மட்டும் கரித்தது. கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. காரம் எண்ணெயில்தான் கரையும். சமையல் எண்ணெய் தடவித் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட வேண்டும்.

இரண்டாவது ஈட்டில் பூஞ்சணம் வரவில்லை. ஆனால் காயவே இல்லை. பகலில் மொறுமொறுவென்று எடுத்து வந்து கூடத்தில் முறத்தோடு வைத்தால், காலையில் ஈரத் தோல் மாதிரி தொய்ந்து கிடக்கும். நான்கு நாள் இப்படியே. அப்போதுதான் தராசு வந்தது. மாலை 210 கிராம் இருந்தது, மறுநாள் காலை 231. ஒரே இரவில் 21 கிராம் தண்ணீரைக் காற்றிலிருந்து இழுத்திருக்கிறது.

காரணம் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். இந்த நாட்டில் இரவுக் காற்றின் ஈரப்பதம் 90ஐத் தாண்டுவது சாதாரணம். மின்விசிறியைப் போட்டு வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஈரக் காற்றைத்தானே அது மேலும் மேலும் கொண்டுவந்து தருகிறது. வழக்கப்படி கல் உப்பு போட்டிருந்தது இதைக் கூட்டியது. சுத்திகரிக்காத கல் உப்பில் மக்னீசியம் உப்பும் கலந்திருக்கும், அது சாதாரண உப்பை விட வெகு சீக்கிரம் கசியும். ஊறுகாய்க்குக் கல் உப்பு சரி. காயவைக்கும் பண்டத்துக்கு இந்த ஊரில் தூள் உப்புதான் பொருத்தம். சுவையில் வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே இரவில் மூடி வைக்க வேண்டும். இங்கே ஒரு குழப்பம் வரும். இறுக மூடிய டப்பாவில் வைத்த மிளகாயும் காலையில் சற்றுத் தொய்ந்துதான் இருக்கும். மூடியும் பயனில்லை என்று விட்டுவிடத் தோன்றும். தராசில் வைத்துப் பார்த்தால் மாலை 185, காலையும் 185. வெளியிலிருந்து ஈரம் ஏறவில்லை. தோள்பட்டைக்குள் இருந்த ஈரம் இரவில் மெல்லத் தோலுக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இது நமக்கு நல்லது. தோலுக்கு வந்த ஈரம் மறுநாள் முதல் ஒரு மணி நேர வெயிலிலேயே போய்விடும். காலையில் எடை ஏறியிருந்தால் மூடி சரியில்லை. எடை மாறாமல் தொய்ந்திருந்தால் வேலை நடக்கிறது.

சூட்டோடு மூடக் கூடாது. உள்ளே ஆவி படிந்து மூடியிலிருந்து சொட்டும். நிழலில் கால் மணி நேரம் ஆறவிட்டு மூட வேண்டும். எடுக்கும் நேரம் பிற்பகல் 4 மணி, மழை இருட்டினால் அதற்கும் முன்னே. பொழுது சாயும்வரை விட்டால் கடைசி ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்ததில் கொஞ்சம் திரும்ப ஏறிவிடுகிறது.

வெளியே வைக்கும் நேரமும் கணக்குப் பார்க்க வேண்டியதே. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் கெடாவில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, மாதத்தைப் பொறுத்து 1 மணிக்கும் 1.30க்கும் இடையில். காலை 8 மணிக்கு வைப்பதில் பயன் இல்லை, அப்போது பனி ஈரம் தரையிலேயே இருக்கும். 10 மணிக்கு வைத்தால் போதும். 11 முதல் 3 வரை உள்ள நேரம்தான் உண்மையில் காயவைக்கிறது.

மூன்றாவது ஈடு ஜனவரிக் கடைசியில். வியாழன் இரவு 7 மணிக்கு மிளகாயைக் கீறி, தயிரில் உப்பும் அரைத் தேக்கரண்டி பெருங்காயத்தூளும் கரைத்து அதில் போட்டாயிற்று. தயிர் இனிப்பு இல்லாததாக, ஒரு நாள் வெளியே வைத்துப் புளித்ததாக இருக்க வேண்டும். பீங்கான் அல்லது எவர்சில்வர் பாத்திரம், அலுமினியம் கூடாது. இரவு ஒருமுறை கிளறிவிட்டோம்.

வெள்ளி காலை வடித்து வைத்தபோது மிளகாய் மட்டும் 520 கிராம். மாலை 345. மீதி இருந்த தயிரிலேயே திரும்பப் போட்டோம். காலை வெயிலில் சுருங்கிய மிளகாய் இரவில் தயிரை நன்றாகக் குடிக்கும். இந்தத் தயிரை வெளியே வைக்காமல் பகல் முழுக்க ஐஸ்பெட்டியில் வைத்திருந்து, மிளகாய் போடும் நேரத்தில் எடுக்க வேண்டும். சனி காலை 560, மாலை 350. சனி இரவு கடைசி ஊறல். ஞாயிறு காலை பாத்திரத்தில் வடிய ஒன்றுமில்லை, அடியில் இருந்ததை வழித்து மேலே தடவியதில் 550. அதற்குப் பிறகு தயிர் இல்லை, வெயில் மட்டும். மாலை எடைகள்: ஞாயிறு 340, திங்கள் 240, செவ்வாய் 187, புதன் 164, வியாழன் 158, வெள்ளி 157. இரண்டு நாளுக்கிடையே இரண்டு கிராமுக்கு மேல் குறையவில்லை என்றால் முடிந்தது என்று பொருள். கீறுவது ஒருவர், எடை பார்த்து நாள்காட்டித் தாளில் எழுதுவது ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் எண்கள் விட்டுப்போகாது.

தட்டு விஷயம். தார்ப்பாயிலோ பிளாஸ்டிக் விரிப்பிலோ பரப்பினால் அடிப்பக்கம் வேர்க்கும். இரண்டடிக்கு மூன்றடி மரச்சட்டத்தில் பிளாஸ்டிக் கொசுவலையை இழுத்து அடித்து, நான்கு செங்கல்லின் மேல் வைத்தோம். துத்தநாகம் பூசிய கம்பி வலை வேண்டாம். தயிர்ப் புளிப்பும் உப்பும் சேர்ந்து பூச்சை அரித்து மிளகாயில் ஏற்றிவிடும். சட்டத்துக்கு அடியில் ஒரு பழைய தகரத் துண்டைப் போட்டால் அது சூடேறி, வெப்பக் காற்று கீழிருந்து மேலே வலை வழியாக வரும். முதல் இரண்டு நாள் தயிர் வாசத்துக்கு ஈ மொய்க்கும். மெல்லிய துணியை மிளகாயில் படாமல் அரையடி உயரத்தில் கட்ட வேண்டும். மைனாவுக்குக் காரம் ஆகாது என்று நினைக்க வேண்டாம், பறவைகளுக்கு மிளகாய்க் காரம் தெரியவே தெரியாது.

ஜனவரி, பிப்ரவரி மலேசியாவின் வட மாநிலங்களில் மழை குறைந்த காலம். மூன்றாவது ஈடு தேறியதில் அதற்கும் பங்கு உண்டு. அதனால் ஏப்ரலில், பிற்பகல் இடி மழைக்கு நடுவே, பாதி அளவில் அதே முறையை ஒருமுறை செய்து பார்த்தோம். நான்காம் நாள் எடை 105இல் நின்றுவிட்டது. 80க்கு வர வேண்டியது. ஓவனை 65 டிகிரியில் வைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி, இரண்டு மணி நேரம் விட்டதும் 81க்கு வந்தது. கதவை முழுக்க மூடினால் ஆவி வெளியேறாமல் மிளகாய் வெந்துவிடும். ஏர் ஃபிரையர் சரிப்படவில்லை. குறைந்த சூடே 80 டிகிரி, காற்று வேகத்தில் மிளகாய் பறந்து மேலே சுருளில் மோதிக் கருகியது. வெயிலில் நிறுத்திய காடிக்குள் (காருக்குள்) வைப்பதும் சிலர் வீட்டில் உண்டு. சூடு போதும், ஆனால் கண்ணாடியை இரண்டு விரல் இறக்காவிட்டால் ஈரம் உள்ளேயே சுற்றும், பெருங்காய வாசம் இருக்கையில் மாதக்கணக்கில் தங்கும்.

பொரிக்க எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். ஒரு மிளகாயைப் போட்டால் சுற்றிலும் சிறு குமிழி வரணும், புகை வரக் கூடாது. 20 விநாடியில் பழுப்பாகும். நல்ல பழுப்புக்கு ஒரு படி முன்னாலேயே அரித்து எடுத்துவிட வேண்டும், தட்டில் கிடக்கும்போதே இன்னும் கருக்கும். போத்தலைத் திறக்கும்போது அன்றைக்கு வேண்டிய நான்கை எடுத்துக்கொண்டு உடனே மூட வேண்டும். மழைக்காலத்தில் போத்தலையே ஐஸ்பெட்டியில் வைத்து, வெளியே எடுத்ததும் திறக்காமல் பத்து நிமிடம் விட்டுத் திறந்தால் உள்ளே வேர்ப்பதில்லை. ஜனவரி ஈட்டில் கடைசிப் பன்னிரண்டு மிளகாய் ஏப்ரல் நடுவில் தீர்ந்தது. பிளந்து பார்த்த ஒன்றிலும் தோள்பட்டை சுத்தமாக இருந்தது.